படகு எஞ்சினுக்குக் கூலண்ட்: பச்சையா, சிவப்பா, வெறும் தண்ணீரா?

கடலோடி_நாகை:

வணக்கம். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறோம். ஜூன் 14 முடிந்ததும் கடலுக்குப் போயாக வேண்டும், அதற்குள் கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றும் திரவம், அந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வரணும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் படித்துப் பதில் போடுங்கள்.

எங்களுடையது மரப்படகு, ஆறு சிலிண்டர் மரைன் டீசல், லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளைக் குழாய்) வெளிப்பக்கம் நேராகத் தண்ணீரில் நிற்கும் வகை. ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கிறது. எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் சுற்றும், கடல் தண்ணீர் தனியாகக் குழாய்களுக்குள் ஓடி அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். தண்ணீர் ஊற்றும் மேல் தொட்டியான ஹெடர் டேங்கையும் சேர்த்து எஞ்சின் பக்கம் மொத்தம் 38 லிட்டர் பிடிக்கும்.

கடைசித் தங்கல் பயணத்தில் நாலாவது நாள் காலை டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் மோர் விட்டுக் கலக்கிய மாதிரி வெளுத்திருந்தது. அதற்கு முன்னால் இரண்டு நாளாகவே டேங்கில் தண்ணீர் குறைந்துகொண்டு வந்தது, தினம் ஒன்றரை, இரண்டு லிட்டர் ஊற்றினோம், வெளியே எங்கேயும் ஒழுக்கு இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டோம். பக்கத்தில் தொழில் செய்த படகுதான் கயிறு கொடுத்துக் கரை வரை இழுத்து வந்தது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் என்று நினைத்துத் திறந்தால் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது. ஆயில் சம்ப்பைக் கழற்றிவிட்டு பிளாக்கில் தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோது நாலாவது லைனருக்குள்ளிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அந்த லைனரை உருவி வெளிப்பக்கத்தைத் துடைத்தோம். ஒரே பக்கத்தில், மேலிருந்து கீழாகக் கோடு போட்ட மாதிரி குழி குழியாக, கறையான் அரித்த மரம் போல இருக்கிறது. அதில் ஒரு குழியில் தையல் ஊசி முனை நுழைகிறது. உள்பக்கம் விரலால் தடவினால் வழவழப்புதான், எந்தக் கீறலும் இல்லை.

அப்பா பதினோரு வருஷமாக இந்த எஞ்சினுக்கு வீட்டு போர் தண்ணீரைத்தான் கேனில் பிடித்து ஊற்றுகிறார். "அப்போதெல்லாம் வராதது இப்போ எப்படி வந்தது" என்கிறார். பாகம் வாங்கப் போன கடையில் பச்சைக் கூலண்ட்தான் டீசலுக்கு என்றார்கள். இன்னொரு கடையில் சிவப்புதான் ரொம்ப நாள் வரும் என்றார்கள். எங்கள் ஊர் மெக்கானிக், கூலண்ட் எல்லாம் குளிர்நாட்டுச் சரக்கு, தண்ணீரில் கொஞ்சம் லேத் பட்டறையில் ஊற்றும் கட்டிங் ஆயிலைக் கலந்து விட்டால் துருப் பிடிக்காது என்கிறார். டப்பாவில் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது என்று எழுதியிருக்கிறது. நாகப்பட்டினத்தில் அது எனக்கு எதற்கு? ஆனால் புது லைனர் செட் போட்டு மறுபடியும் இதே மாதிரி ஆனால் தாங்க மாட்டோம். எதை ஊற்றுவது, எவ்வளவு கலப்பது, எந்தத் தண்ணீரில் கலப்பது, சொல்லுங்கள்.


ஜாக்கெட்_வாட்டர்:

தம்பி, நான் சரக்குக் கப்பலில் செகண்ட் எஞ்சினியர், சொந்த ஊர் தூத்துக்குடி. உங்கள் லைனரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததுமே புரிந்துவிட்டது. இது சாதாரணத் துரு இல்லை. கேவிடேஷன் என்போம். எது ஊற்றுவது என்பதற்கு முன்னால் இது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அப்புறம் கடைக்காரர் நிறத்தைக் காட்டிக் குழப்ப முடியாது.

சிலிண்டரில் டீசல் வெடிக்கும்போது பிஸ்டன் நேராக மட்டும் கீழே போவதில்லை, கனெக்டிங் ராட் சாய்ந்திருப்பதால் பக்கவாட்டில் லைனரில் போய் மோதும். ஒவ்வொரு வெடிப்புக்கும் லைனர் சுவர் கண்ணுக்குத் தெரியாத அளவு அதிரும், மணியைத் தட்டினால் அதிருமே அந்த மாதிரி. சுவர் சட்டென்று உள்ளே போகும்போது வெளியே ஒட்டி நிற்கும் தண்ணீரால் அதே வேகத்தில் பின்னாலேயே போக முடியாது. அந்த இடத்தில் அழுத்தம் விழுந்து குட்டிக் குட்டி நீராவிக் குமிழி உண்டாகும். சுவர் திரும்பி வரும்போது குமிழி நசுங்கி உடையும், உடையும்போது அந்த ஒரு புள்ளியில் விழும் அடி இரும்பையே பெயர்த்துவிடும். எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் இது நடந்துகொண்டே இருக்கும். பிஸ்டன் எந்தப் பக்கம் மோதுகிறதோ அந்தப் பக்கம்தான் குழி விழும், அதுவும் மேலிருந்து கீழாக வரிசையாக. உங்கள் லைனரில் குழி விழுந்த பக்கம் கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கே இருந்ததா என்று பாருங்கள்.

இதைக் கூலண்ட் எப்படித் தடுக்கிறது என்றால், குமிழியைத் தடுப்பதில்லை. அதில் இருக்கும் நைட்ரைட் மாதிரி ரசாயனம் இரும்பின் மேல் மிக மெல்லிய ஒரு படலத்தை உண்டாக்கும். குமிழி உடைந்து படலம் பெயர்ந்தால் உடனே அந்த இடத்தில் மறுபடி படலம் கட்டும். அடி விழுவது படலத்தில், இரும்பில் இல்லை. அதனால்தான் நைட்ரைட் செலவாகிக்கொண்டே இருக்கும், அவ்வப்போது அளந்து பார்த்துச் சேர்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் அந்தப் படலமே கிடையாது. அப்பாவுக்குப் பதினோரு வருஷம் ஒன்றும் ஆகாமல் இருந்தது என்று நினைக்காதீர்கள், பதினோரு வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆகிக்கொண்டிருந்து இப்போது சுவர் முடிந்துவிட்டது. மற்ற ஐந்து லைனரையும் கண்டிப்பாக உருவிப் பாருங்கள்.

உறைவதைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் சொல்வது சரிதான், வங்காள விரிகுடாவில் எஞ்சின் தண்ணீர் உறையாது. எங்கள் கப்பலில்கூட மெயின் எஞ்சினைச் சுற்றி ஓடும் ஜாக்கெட் தண்ணீரில் ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் வைக்கும் திரவம்) கிடையாது. காய்ச்சி வடித்த தண்ணீர், அதில் நைட்ரைட்டும் போரேட்டும் கலந்த மருந்து, அவ்வளவுதான். வாரம் ஒரு தடவை சாம்பிள் எடுத்து நைட்ரைட் 1000 முதல் 2400 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) இருக்கிறதா, பி.எச். சரியா, குளோரைடு ஏறுகிறதா என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவோம். ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவது எமர்ஜென்சி ஜெனரேட்டருக்கும் லைஃப் போட் எஞ்சினுக்கும்தான், ஏனென்றால் அவை வெளியே குளிரில் நிற்கும். லைஃப் போட் எஞ்சின் மைனஸ் 15 டிகிரியிலும் இரண்டு நிமிஷத்துக்குள் ஸ்டார்ட் ஆகணும் என்பது சர்வதேச விதி.

ஆனால் வாரம் தவறாமல் சோதிக்கும் பழக்கமும் கையில் டெஸ்ட் கிட்டும் இருந்தால்தான் அந்த வழி சரி. படகில் அது நடக்காது, அதனால் உங்களுக்கு கிளைக்கால் (ஆன்டிஃப்ரீஸில் இருக்கும் திரவம்) கலந்த ஹெவி டியூட்டி, அதாவது கனரக எஞ்சினுக்கான கூலண்டைத்தான் சொல்வேன். தேவையான மருந்தெல்லாம் அதிலேயே சரியான அளவில் கலந்து வரும். கொதிநிலையும் ஏறும். பாதிக்குப் பாதி கலந்தால் மூடி திறந்த நிலையிலேயே 107 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும், அழுத்த மூடி போட்டால் இன்னும் மேலே போகும். கடல் பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் இறக்கை பாதி கிழிந்து சூடு ஏறும்போது அந்தச் சில டிகிரி உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும்.

எந்தக் கூலண்ட்? நிறத்தை மறந்துவிடுங்கள். நிறம் என்பது தயாரிப்பவர் ஊற்றும் சாயம், அதற்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஒரே பச்சையில் கார் கூலண்டும் வரும் லாரி கூலண்டும் வரும். டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஏ.எஸ்.டி.எம். (அமெரிக்கத் தர அமைப்பு) டி 3306 மட்டும் போட்டிருந்தால் அது கார் வகை, லைனர் பாதுகாப்புக்கு அது போதாது. டி 6210 என்று இருந்தால் ஹெவி டியூட்டி டீசலுக்கானது, லைனர் பாதுகாப்பு மருந்து சேர்த்தே வருவது. டி 4985 என்று இருந்தால் அதுவும் டீசலுக்குத்தான், ஆனால் லைனர் மருந்தை நீங்கள் தனியாக வாங்கிச் சேர்க்கணும். எஞ்சின் கையேட்டில் ஏதாவது எண் போட்டிருந்தால் அதுதான் முதல், நான் சொல்வது அதற்கு அடுத்துதான்.

சிவப்பில் வரும் லாங் லைஃப் வகைகளில் பல ஆர்கானிக் அமில வகை. கெட்டது இல்லை, ஹெவி டியூட்டிக்கென்றே செய்தவை லைனரையும் காக்கும், ரொம்ப வருஷமும் வரும். ஆனால் பழைய பச்சையின் மேல் அதை ஊற்றாதீர்கள். இரண்டு மருந்தும் ஒன்றையொன்று நீர்த்துப்போகச் செய்து எதற்குமே பாதுகாப்பு இல்லாமல் போய்விடும். சில கலவைகள் கஞ்சி மாதிரி திரண்டு ஹீட் எக்ஸ்சேஞ்சரையே அடைக்கும். ஒரு வகையைப் பிடித்தால் டாப்-அப்புக்கும் அதே வகையில் ஒரு கேன் படகில் இருக்கட்டும்.

கட்டிங் ஆயில் வேண்டவே வேண்டாம். ஒரு காலத்தில் கப்பலிலும் தண்ணீரில் கரையும் எண்ணெயை ஊற்றியவர்கள் உண்டு, உங்கள் மெக்கானிக் சொல்வது அந்த வழியில் வந்தது. அது சுவரில் எண்ணெய்ப் படிவாக ஒட்டிக்கொண்டு சூடு கடத்தலைக் கெடுக்கும், ரப்பர் ஓ-ரிங்கையும் ஹோஸையும் ஊத வைக்கும். லைனர் அடியில் தண்ணீரை நிறுத்துவதே ரப்பர் ஓ-ரிங் தானே.


ராயபுரம்_பட்டறை:

சார் சொன்னதெல்லாம் சரி. நான் காசிமேட்டுப் படகுகளுக்கு எஞ்சின் வேலை பார்க்கிறேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆச்சு. கையில் பட்டதைச் சொல்கிறேன்.

கூலண்ட் எது என்று இவ்வளவு யோசிக்கிறீர்கள், தண்ணீரை யாரும் யோசிப்பதில்லை. பாதிக்குப் பாதி என்றால் அதில் பாதி தண்ணீர்தானே? எஞ்சின் கம்பெனிகள் கேட்கும் தண்ணீரில் குளோரைடு 40 பி.பி.எம்.முக்குக் கீழ், கடினத்தன்மை 170க்குக் கீழ் இருக்கணும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-ஐ எடுத்துப் பாருங்கள், குளோரைடு 250 வரை நல்ல தண்ணீர், வேறு வழி இல்லையென்றால் 1000 வரைகூட அனுமதி உண்டு. ஆக, குடித்தால் உப்பே தெரியாத தண்ணீர்கூட எஞ்சினுக்கு ஆறு மடங்கு உப்பு. கடற்கரை ஓரத்து போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உங்கள் லைனரில் குழியைத் தொடங்கியது குமிழி என்றாலும், குழிக்குள் உட்கார்ந்து தோண்டியதில் அந்த உப்புக்கும் பங்கு உண்டு.

பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கேன் கிடைக்கும். கலக்க 19 லிட்டர்தானே வேண்டும், அஞ்சு லிட்டர் கேன் நாலு வாங்கினால் முடிந்தது. கேன் மூடி சீலோடு இருக்கிறதா பாருங்கள். லைனர் செட்டுக்குக் கொடுக்கிற காசில் இது ஒன்றுமே இல்லை.

அப்புறம் ரெடிமிக்ஸ். இப்போது கடையில் கிடைப்பதில் பாதி ஏற்கெனவே தண்ணீர் கலந்து வருவது. அதை வாங்கி வந்து மறுபடியும் பாதித் தண்ணீர் கலந்தால் 25 சதவீதம்தான் நிற்கும். 30 சதவீதத்துக்குக் கீழே போனால் துருவைத் தடுக்கிற மருந்தும் போதாது, ரொம்ப நீர்த்துவிட்டால் கிளைக்காலைத் தின்றே பாக்டீரியா வளரும், திறந்தால் அழுகிய நாற்றம் அடிக்கும். அதுக்காகத் தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றிவிடவும் கூடாது, கிளைக்கால் தண்ணீர் அளவுக்குச் சூட்டை வாங்காது, 60 சதவீதத்தைத் தாண்டினால் எஞ்சின் இன்னும் சூடாகத்தான் ஓடும். நம் கடலுக்கு 40லிருந்து 50க்குள் வையுங்கள். வெளியே ஒரு வாளியில் கலந்து விட்டுத்தான் ஊற்றணும், எஞ்சினுக்குள் போய்க் கலக்கட்டும் என்று விடாதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம், இது இரண்டும் பல படகுகளில் தப்பாக இருக்கும். ஒன்று தெர்மோஸ்டாட், எஞ்சின் சூடேறிய பிறகே தண்ணீரைக் குளிர்விக்கப் போக விடும் வால்வு. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்திருப்பார்கள். எஞ்சின் குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே என்று நினைப்பு. குளிர்ந்த பிஸ்டன் லைனருக்குள் லூஸாக நிற்கும், லூஸாக நின்றால் இன்னும் பலமாக அடிக்கும், அடித்தால் சார் சொன்ன அதிர்வு கூடும். இன்னொன்று ஹெடர் டேங்க் மூடி. அது சும்மா மூடி இல்லை, உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது, இத்தனை அழுத்தம் என்று மேலே போட்டிருக்கும். அழுத்தம் இருந்தால் குமிழி உண்டாவது குறையும். ரப்பர் வெடித்துப் போன மூடியைத் துணி சுற்றிப் போட்டு ஓட்டின படகை நானே பார்த்திருக்கிறேன். புது மூடி போடுங்கள், அதே அளவு அழுத்தத்தில்.

எஞ்சின் பிரித்திருக்கும்போதே ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் கழற்றி பிரஷர் டெஸ்ட் பண்ணுங்கள். ஒரு குழாயில் ஓட்டை இருந்தாலும் போதும், நீங்கள் போடும் கூலண்டெல்லாம் வீண். கடல் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 19 கிராம் வரை இருக்கும். உங்கள் 38 லிட்டரில் அரை லிட்டர் கடல் தண்ணீர் கலந்தாலே 250 பி.பி.எம். ஆகிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். கடல் பக்கத்து ஜிங்க் பென்சிலையும் (அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு) மாற்றிவிடுங்கள். அந்த ஜிங்க் கடல் பக்கத்துக்கு மட்டும்தான், கூலண்ட் பக்கம் ஜிங்க் எதுவும் வரக்கூடாது.

கடைசியாக ஒன்று, இதை எல்லாரும் படிக்கணும். கசிவு இருக்கிறதா என்று பார்க்க விரலில் தொட்டு நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. வெறும் தண்ணீராக இருந்தவரை சரி. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். அதுவும் இனிப்பாக இருக்கும். என் பட்டறையில் மணி என்று ஒரு நாய் இருந்தது, குட்டியிலிருந்து வளர்த்தது. ஒரு ராத்திரி எஞ்சினிலிருந்து வடித்த கூலண்டைத் தட்டில் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். காலையில் வந்தால் தட்டைச் சுற்றி நக்கின தடம், அது குடித்தவன் மாதிரி தள்ளாடி நடக்கிறது. மூன்றாம் நாள் போய்விட்டது, சிறுநீரகம் போய்விட்டது என்றார் டாக்டர். அன்றிலிருந்து வடித்த கூலண்டை உடனே மூடி போட்ட கேனில் பிடித்து வைக்கிறேன். ஜூஸ் பாட்டிலில் மட்டும் யாரும் ஊற்றி வைக்காதீர்கள், படகில் சின்னப் பையன்களும் வருவார்கள். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், என்ன குடித்தார் என்று டப்பாவையும் எடுத்துப் போங்கள்.


கடலோடி_நாகை:

அண்ணே, சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. மற்ற லைனர்களையும் உருவிவிட்டோம். 2, 3, 5 மூன்றிலும் குழி இருக்கிறது, மூன்றாவதில் ஆழமாகவே இருக்கிறது, அடுத்த சீசன் தாங்கியிருக்காது. நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் ஒரே பக்கம், கிராங்க் ஷாஃப்டுக்குக் குறுக்கே. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். லைனர்களை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார், ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "எல்லாத்தையும் மாத்திடு" என்றார். தெர்மோஸ்டாட் இருந்த இடமும் காலிதான், எப்போது யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை.

வீட்டு போர் தண்ணீரை மீன்வளக் கல்லூரியில் படிக்கும் தங்கையிடம் கொடுத்துச் சோதித்தோம். குளோரைடு 610. அதைத்தான் இத்தனை வருஷமாக ஊற்றியிருக்கிறோம்.


பாய்மரம்_ரொறன்ரோ:

இந்தத் திரியை வாசித்துக்கொண்டு வந்தேன், மற்றப் பக்கத்தையும் எழுதி வைத்தால் குளிர்நாட்டில் இருக்கிற ஆருக்கும் உதவும் என்று நினைக்கிறேன். என்னிடம் சின்னப் பாய்மரப் படகு ஒன்று, இரண்டு சிலிண்டர் டீசல், ஒன்ராறியோ ஏரியில் ஓட்டுகிறேன். இங்கே ஒக்டோபரில் படகைக் கரையேற்றினால் ஏப்ரல் கடைசி, மே மாதம்தான் திரும்ப இறக்குவது. இடையில் மைனஸ் 20க்கும் போகும்.

புதுசாகப் படகு வாங்கிற ஆட்கள் செய்கிற பிழை, எஞ்சினுக்குள் ஆன்டிஃப்ரீஸ் இருக்குத்தானே, இனிப் பயமில்லை என்று விட்டுப் போவது. அது உள்ளே சுற்றுகிற பக்கத்துக்கு மட்டும்தான். வெளித்தண்ணீர் ஓடுகிற பக்கம், அதாவது பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய்கள், புகைபோகிற வழியில் இருக்கிற தண்ணீர்ப் பெட்டி, இதில் எல்லாம் ஏரித் தண்ணீர் தங்கி நிற்கும். அது உறைந்தால் நூற்றுக்கு ஒன்பது வீதம் அளவில் விரியும், செப்புக் குழாயை வெடிக்க வைக்க அது காணும். என்ர முதல் படகில் அப்படித்தான் நடந்தது, வசந்தத்தில் ஸ்டார்ட் பண்ணின உடனே உள்பக்கத்து டாங்கிக்குள் ஏரித் தண்ணீர் ஏறிவிட்டது. பிழை என்னுடையதுதான்.

அந்தப் பக்கத்துக்குப் பச்சையோ சிவப்போ ஊற்றக் கூடாது, ஏனென்றால் வசந்தத்தில் அது அப்படியே ஏரிக்குள் போகும். அதுக்கென்று புரோப்பிலீன் கிளைக்காலில் செய்த இளஞ்சிவப்புத் திரவம் போத்தலில் விற்கிறார்கள், நச்சுத்தன்மை மிகக் குறைவு. போத்தலில் மைனஸ் 50 என்று பெரிசாகப் போட்டிருக்கும், அது பாரன்ஹீட், எங்கட கணக்கில் மைனஸ் 46. அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும், அந்த இலக்கம் குழாய் வெடிக்காமல் இருக்கிறதுக்கானது, அந்த வகைத் திரவம் மைனஸ் 11, 12 அளவிலேயே கூழ் மாதிரி இறுகத் தொடங்கிவிடும். அதோடு, உள்ளே நிற்கிற ஏரித் தண்ணீரோடு கலந்தால் இன்னும் நீர்த்துப் போகும். அதனால் முதலில் தண்ணீரை வடிவாக வடித்துவிட்டு, அதுக்குப் பிறகு உறிஞ்சு குழாயை வாளிக்குள் விட்டு எஞ்சினை ஓட்டி, புகைக்குழாயால் நல்ல இளஞ்சிவப்பாக வருமட்டும் விடுவேன். எனக்கு ஆறேழு போத்தல் போகும்.

உள்பக்கத்துக்கு நான் ரெஃப்ராக்டோமீட்டர் வைத்துப் பார்க்கிறேன், கண்ணாடியில் ஒரு துளி விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் கோடு காட்டும். ஆனால் அது கிளைக்கால் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும், மருந்து மிச்சம் இருக்கா என்று சொல்லாது. நாகப்பட்டினத்துத் தம்பிக்கு அதைவிட நைட்ரைட் டெஸ்ட் ஸ்ட்ரிப்தான் பிரயோசனம்.


தெக்கத்தி_விசைப்படகு:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். எங்கள் படகில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் இல்லை, கீல் கூலிங். படகின் அடியில் வெளிப்பக்கமாகக் குழாய் ஓடும், அதற்குள் எஞ்சின் தண்ணீர் போய்க் குளிர்ந்து வரும். போன வருஷம் ஒரு துண்டுக் குழாய் அடிபட்டு அதற்குப் பதிலாக ஜி.ஐ. பைப் போட்டோம். இதே கூலண்ட் ஊற்றலாமா?


ஜாக்கெட்_வாட்டர்:

ஊற்றலாம், ஆனால் அந்த ஜி.ஐ. பைப்பை முதலில் கழற்றுங்கள். ஜி.ஐ. என்றால் இரும்பின் மேல் ஜிங்க் பூச்சு. கூலண்டில் இருக்கும் மருந்து அந்த ஜிங்க்கோடு வினை புரிந்து தானும் தீர்ந்து, ஜிங்க்கையும் கரைத்துச் சேறாக அடியில் தேக்கும். ராயபுரம் அண்ணன் கூலண்ட் பக்கம் ஜிங்க் வரக்கூடாது என்று சொன்னதும் இதற்குத்தான். மற்ற குழாய் எந்த உலோகமோ அதே உலோகத்தில் போடுங்கள். இன்னொன்று, கீல் கூலிங்கில் குழாயின் நீளத்தால் மொத்தக் கொள்ளளவு கூடும், எஞ்சின் கையேட்டில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பிக் கலக்காதீர்கள். முழுதாக வடித்து, வடித்ததை அளந்துகொள்ளுங்கள்.


ராயபுரம்_பட்டறை:

நாகைத் தம்பிக்கு, ஊற்றும்போது செய்ய வேண்டியது. முதலில் வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு தடவை ஓட்டி வடித்துவிடுங்கள், பிளாக்கின் அடியில் ஒரு பிளக் இருக்கும், அதைக் கழற்றாவிட்டால் பாதித் தண்ணீர் உள்ளேயே நிற்கும். கழற்றியும் வரவில்லை என்றால் துரு அடைத்திருக்கிறது, கம்பி விட்டுக் குத்துங்கள். அப்புறம் மேலே இருக்கும் காற்றுக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு மெதுவாக ஊற்றணும், காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் ஹெட் விரிசல் விடும். மூடி போடாமல் ஸ்டார்ட் பண்ணி தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓட விடுங்கள், கீழே போகும் ஹோஸைத் தொட்டால் சட்டென்று சூடு வரும், அப்போது திறந்துவிட்டது என்று அர்த்தம். மட்டம் இறங்கும், கலந்து வைத்ததில் மிச்சத்தை ஊற்றி மூடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

வடித்த பழசைத் துறைமுகத் தண்ணீரில் கொட்டாதீர்கள். கேனில் பிடித்துக் கழிவு ஆயில் எடுக்க வருகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், இங்கே எங்களுக்கு ஒருத்தர் எடுத்துக்கொள்கிறார்.


கடலோடி_நாகை:

முடித்துவிட்டோம். ஆறு லைனரும் புதுசு, டி 6210 போட்ட கான்சன்ட்ரேட் 19 லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் 19 லிட்டர். பிளாக் பிளக்கைக் கழற்றினால் ஒரு சொட்டும் வரவில்லை, அண்ணன் சொன்ன மாதிரி கம்பி விட்டுக் குத்திய பிறகு செங்கல் பொடியைக் கரைத்த மாதிரி ஒரு வாளி கொட்டியது. ஹீட் எக்ஸ்சேஞ்சரில் இரண்டு குழாய் ஓட்டை, இரு முனையையும் அடைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அடுத்த தடைக்காலத்தில் மாற்றச் சொன்னார்கள். காற்று போனதும் மூன்று லிட்டர் இறங்கியது, கலந்து வைத்ததில் மிச்சம் இருந்ததால் அதிலிருந்தே ஊற்றினோம்.

நேற்று கரையிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டினோம். 82 டிகிரியில் முள் அசையாமல் நின்றது, முன்பெல்லாம் 60ஐத் தாண்டியதே இல்லை. சத்தமும் குறைந்திருக்கிறது என்று அப்பா சொல்கிறார். நைட்ரைட் ஸ்ட்ரிப்பைக் கூலண்டில் நனைத்து டப்பாவில் இருக்கும் நிறத்தோடு ஒத்துப் பார்த்ததில் 2400க்குப் பக்கத்தில் காட்டியது. தேதி, எஞ்சின் மணிக்கணக்கு, ஸ்ட்ரிப் அளவு மூன்றையும் எஞ்சின் ரூம் கதவின் உள்பக்கம் பெயின்டால் எழுதியிருக்கிறேன், அடுத்த அளவுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். 250 மணி நேரம் ஓடியதும் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுகிறேன்.